சாயும் கப்பல், பாயும் வண்டி: ‘கரீன்’ என்ற ஆங்கில வினையும் திருகோணமலைத் துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பழைய வரலாற்றை ஆங்கிலத்தில் வாசிக்கப் புகும் மாணவர் ‘கரீன்’ என்ற வினைச்சொல்லைச் சந்திக்காமல் போவது அரிது. இன்ன தளபதியின் போர்க்கப்பல் கரீன் செய்வதற்காகத் துறைமுகத்துக்குள் வந்தது என்று ஒரு வசனம் வரும். மாணவர் கைத்தொலைபேசியில் அகராதியைத் தட்டுகிறார். அமெரிக்க அகராதி என்றால், கட்டுப்பாடில்லாமல் ஆடி அலைந்து வேகமாக ஓடுதல் என்ற பொருள் முன்னுக்கு வந்து நிற்கும். கப்பல் தறிகெட்டுத் துறைமுகத்துக்குள் பாய்ந்தது என்று அவர் விளங்கிக்கொள்வார். நடந்ததோ இதற்கு நேரெதிர். பீரங்கிகளை இறக்கி, பாரத்தைக் குறைத்து, கப்பலைக் கரையோரமாகக் கொண்டுவந்து ஒருபக்கமாகச் சாய்த்துவைத்து, நாட்கணக்கில் அசையவிடாமல் அதன் அடிப்புறத்தைச் சுரண்டிப் பழுதுபார்த்திருக்கிறார்கள்.

ஒரே சொல் இப்படி அசையாமல் கிடப்பதற்கும் தலைதெறிக்க ஓடுவதற்கும் பொருளாக நிற்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி. இதை இலண்டனிலோ நியூயோர்க்கிலோ இருந்து ஆராய்வதைவிடத் திருகோணமலையிலிருந்து ஆராய்வதற்கு நியாயம் அதிகம். அந்தப் பழைய வினை குறித்த வேலைக்குப் பாதுகாப்பான ஓரிடம் தேவைப்பட்டது. இந்தத் துறைமுகத்துக்காக ஐரோப்பிய வல்லரசுகள் மோதிக்கொண்ட காரணங்களில் அதுவும் ஒன்று.

முதலில் வேர். இலத்தீனில் ‘கரினா’ என்றால் கப்பலின் அடிமரம். எங்கள் ஓடாவிமார் இதை ஏரா என்பார்கள், ஏராக்கட்டை என்றும் சொல்வதுண்டு. கப்பல் கட்டும்போது முதலில் கிடத்தப்படுவது ஏரா, அதன்மேல்தான் மற்ற எல்லா மரமும் ஏறும். அதே இலத்தீன் சொல்லுக்குக் கொட்டையின் ஓடு என்ற பொருளும் இருந்தது. வால்நட் கொட்டையை இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் பாதி ஓட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பொருளும் ஒரு சொல்லில் சேர்ந்தது விளங்கும். இத்தாலியக் கரைகளில் ‘கரேனா’ ஆகி, பிரெஞ்சில் ‘கரேன்’ ஆகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள், கப்பலை ஏரா வெளியே தெரியும்வரை சாய்த்து அடிப்பக்கத்தைத் துப்புரவாக்கிச் செப்பனிடுதல். பெயர்ச்சொல்லாக இருந்த ஏரா அப்படியே வினையாகிவிட்டது.

அந்த இலத்தீன் சொல் வேறு இடங்களிலும் உயிரோடு இருக்கிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள மேட்டை வைத்தியர்கள் கரினா என்பார்கள். பறவையின் நெஞ்செலும்பில் ஏராப்போல் துருத்தி நிற்கும் பகுதிக்கும் அதே பெயர். வானத்தில் ஒரு கரினா இருக்கிறது. கிரேக்கர் ஆர்கோ என்ற பெருங்கப்பலாகக் கண்ட நட்சத்திரக் கூட்டத்தை, 1751-52இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை ஆராய்ந்த பிரெஞ்சு வானியலாளர் லகாய் மூன்றாகப் பிரித்தார். ஏரா ஒன்று, பின்தட்டு ஒன்று, பாய் ஒன்று. அந்த ஏராப் பகுதியில் மிகவும் பிரகாசமாக எரியும் விண்மீன்தான் நாம் அகத்திய நட்சத்திரம் என்று அழைப்பது. மூதூர்ப் பக்கம் கங்குவேலியில் அகத்தியர் தாபனம் என்ற பழம்பெரும் தலத்தைப் போற்றிவரும் ஒரு மாவட்டத்தில், அகத்தியருக்குரிய விண்மீன் ஒரு கப்பலின் ஏராவில் பதிந்திருக்கிறது என்ற செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது.

இனி அந்த வேலை. மரக்கப்பலின் பெரிய எதிரி புயலோ பீரங்கியோ என்று நினைக்கத் தோன்றும். அவற்றைவிட ஓயாத எதிரி கடல்நீருக்குள் இருந்தது. வெப்பக் கடலில் சில மாதம் கிடந்தாலே அடிப்பலகையில் பாசி பிடிக்கும், கொட்டலசும் சிப்பியும் ஒட்டும். அவை ஒட்டிய கப்பல் தன் வேகத்தில் பெரும்பங்கை இழந்துவிடும். இன்னொரு பக்கம் கப்பற்புழு. பெயர் புழு என்றாலும் இது சிப்பி இனத்தது. பலகைக்குள் நுழைந்து உள்ளுக்குள்ளேயே சுரங்கம் அறுத்துக்கொண்டு போகும். வெளியில் ஊசித்துளை அளவே தெரியும், பலகையை உடைத்துப் பார்த்தால் தேன்கூடாக இருக்கும். எனவே அடிப்பக்கத்தை அடிக்கடி வெளியே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வற்றுப்பெருக்கு அதிகமுள்ள நாடுகளில் இது சுலபம். பெருக்கு நேரத்தில் கப்பலைக் கரைக்கு ஏற்றினால், வற்றில் அது தானாகவே மணலில் உட்கார்ந்து சாயும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே இங்கே கப்பலை ஆட்பலத்தால்தான் சாய்க்க வேண்டும். அதற்கு அலையடிக்காத, கரையை ஒட்டியே ஆழமான தண்ணீர் வேண்டும். திருகோணமலை உட்துறைமுகத்தின் இயல்பே அதுதான். கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே பெருங்கப்பல் மிதக்கும் ஆழம், நான்குபுறமும் குன்றுகளும் முனைகளும் காற்றை மறிக்கும் அணைப்பு.

சாய்க்கும் முறை இப்படி. பீரங்கி, குண்டு, பீப்பாய், அடிப்பாரமாகப் போட்ட கல்லும் இரும்பும் எல்லாவற்றையும் இறக்குவார்கள். மேல்மரங்களைக் கழற்றுவார்கள். அடிப் பாய்மரங்கள்தான் இழுவையைத் தாங்கப்போகின்றன என்பதால் அவற்றுக்கு மரமுட்டும் வடமும் கொடுத்து வலுவாக்குவார்கள். பீரங்கி வாய்களைப் பலகை அடித்துத் தார் பூசி அடைப்பார்கள். பின்னர் பாய்மர உச்சியிலிருந்து கப்பிக் கயிறுகளைக் கரையில் நாட்டிய தூண்களுக்கோ பக்கத்தில் கட்டிய பழைய கப்பலொன்றுக்கோ கொண்டுபோய், நூற்றுக்கணக்கானோர் சக்கர உருளைகளைச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக ஒருபக்கம் சரியும். மறுபக்கத்து வயிறு நீரிலிருந்து எழும். ஏரா தெரிந்ததும் இழுவை நிற்கும். உள்ளே தண்ணீர் இறைக்கும் பம்புகள் நிற்கக் கூடாது. மிதவைகளில் நின்றபடி சிலர் காய்ந்த விறகுக் கட்டுகளைக் கொளுத்திப் பாசியையும் பழைய தாரையும் கருக்க, சிலர் சுரண்டுவார்கள். புழு அரித்த பலகை போய்ப் புதுப்பலகை வரும், இடுக்குகளில் தும்பு ஏறும், கொழுப்பும் கந்தகமும் குங்கிலியமும் கலந்த பூச்சு ஏறும். ஒரு பக்கம் முடிந்தால் கப்பலைத் திருப்பி மறுபக்கம்.

இதில் ஓர் அளவு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆங்கிலேயரின் மிகப் பெரிய துக்கமொன்று சாட்சி. 1782 ஓகஸ்ட் 29ஆம் திகதி, போர்ட்ஸ்மத்துக்கு அருகே ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டிருந்த ‘ரோயல் ஜோர்ஜ்’ என்ற 100 பீரங்கிக் கப்பலை, நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு திருத்தம் செய்வதற்காகப் பீரங்கிகளை ஒருபக்கம் நகர்த்திச் சற்றே சாய்த்தார்கள். முழுச் சாய்ப்புக்கூட இல்லை. கீழ்த்தட்டு வாய்களால் தண்ணீர் புகுந்து, நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. அட்மிரல் கெம்பன்ஃபெல்ட் உட்பட 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலைப் பார்க்க வந்திருந்த பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். அதே வாரத்தில், உலகின் இன்னொரு கோடியில், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் படை திருகோணமலைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது.

சுஃப்ரனின் கதைக்குப் போகுமுன் எங்கள் கரையில் இதே வேலைக்கிருந்த பேச்சைச் சொல்லிவிட வேண்டும். வள்ளத்தையோ தோணியையோ கரையேற்றிச் சாய்த்துப் போட்டு, பலகை மூட்டுகளில் பஞ்சோ தும்போ திணித்து அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதைக் கலப்பத்து அடித்தல் என்பார்கள். கலம், பற்று என்று பிரித்து இதைத் தூய தமிழாகக் காட்டுவோர் உண்டு. போர்த்துக்கேயத்தில் இந்தத் தொழிலாளியைக் குறிக்கும் ‘கலஃபாத்தே’ என்ற சொல்லும், அதற்குப் பின்னே நிற்கும் அரபுச் சொல்லும் இத்தனை நெருக்கமாக ஒலிக்கும்போது, கடல்வழி வந்த சொல் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மத்தியதரைக் கடலிலிருந்து வங்காள விரிகுடாவரை ஒரே பசையைப் பூசியவர்கள் ஒரே சொல்லைப் பகிர்ந்ததில் வியப்பில்லை. இப்போது கரையில் பெரும்பாலும் பைபர் படகுகள். கலப்பத்து என்ற சொல்லை அறிந்த இளைஞர் குறைந்துவருகிறார்கள். அகராதி தொகுப்போர் அந்தச் சொற்களைத் தொழிலாளர் வாயிலிருந்து உடனே எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி, சுஃப்ரன் இந்தத் துறைமுகத்தைத் தேடிய காரணம். சோழமண்டலக் கரையில் சென்னையிலோ புதுச்சேரியிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ பெரிய போர்க்கப்பல் ஒதுங்கும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஒக்டோபரில் வாடை பிறந்தால் அங்கே நிற்பது தற்கொலை. பிரித்தானியக் கடற்படை ஆண்டுதோறும் குமரி முனையைச் சுற்றிப் பம்பாய்க்குப் போகும். அங்கே 1750இல் கட்டிய உலர் தளமும், பார்சி ஓடாவிமாரான வாடியா குடும்பத்தின் கைத்திறனும் இருந்தன. போய்ப் பழுதுபார்த்துத் திரும்புவதற்குள் அடுத்த ஆண்டின் ஏப்ரல் ஆகிவிடும். அந்த மாதங்களில் கிழக்குக் கரை முழுவதும் எதிரிக்குத் திறந்த கடல். கப்பலைச் சாய்த்துச் செப்பனிட ஓரிடம் கிழக்குக் கரையிலேயே இருந்தால் போரின் போக்கே மாறும். அந்த ஓரிடம் திருகோணமலை.

பழுதுபார்க்க ஒதுங்கிய கப்பல்களின் நினைவு இந்த விரிகுடாவில் இன்னும் பழையது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பெரும்பாய்மரத்தை வெட்டித்தள்ள நேர்ந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660இல் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபட் நொக்ஸையும் வேறு பலரையும் பிடித்துக் கொண்டுபோனார்கள். மகன் தப்பியது ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து. 1681இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கையை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஒரு பாய்மரம் முறியாதிருந்தால் அந்த நூல் இல்லை. இந்த நிகழ்வோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘வெள்ளைக்காரன் மரம்’ இருந்த இடத்தை மூதூரில் இன்றும் காட்டுவார்கள்.

1782க்கு வருவோம். ஜனவரியில் பிரித்தானிய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். 11ஆம் திகதி அங்கிருந்த இன்னொரு கோட்டையான ஒஸ்டன்பேர்க்கும் வீழ்ந்தது. ஏப்ரல் 12இல் கிழக்குக் கரைக்கு அப்பால் ஹியூஸும் சுஃப்ரனும் மோதினார்கள். இரு தரப்புக் கப்பல்களும் சிதைந்தன. ஹியூஸ் திருகோணமலைக்குள் புகுந்து நிதானமாகச் செப்பனிட்டார். சுஃப்ரனுக்கு வாய்த்தது மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள திறந்த கடல். ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் மறுபடி மோதிய பிறகு, கடலூரில் வீடுகளைப் பிரித்து மரம் எடுத்துக் கப்பலைச் சீர்செய்யும் நிலைக்கு அவர் வந்தார். ஒரு துறைமுகத்தின் அருமையை இதற்குமேல் யாரும் உணர முடியாது. ஓகஸ்ட் கடைசியில் ஆட்களை இறக்கி, 30ஆம் திகதி கோட்டையையும் மறுநாள் ஒஸ்டன்பேர்க்கையும் கைப்பற்றினார். செப்டெம்பர் 2ஆம் திகதி ஹியூஸ் வந்து பார்த்தபோது கோட்டைமேல் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அடுத்த நாட் போரில் சுஃப்ரனின் சொந்தக் கப்பல் ‘ஹெரோ’ தன் பெரும்பாய்மரத்தை இழந்தது. திரும்பி வரும்போது ‘ஓரியன்’ என்ற கப்பல் துறைமுக வாயிலிலேயே பாறையில் ஏறி அழிந்தது. ஆனாலும் துறைமுகம் அவர் கையில் இருந்தது. 1783 ஜூனில் கடலூரைக் காக்க அவர் புறப்பட்டது இங்கிருந்துதான்.

சமாதானத்தின் பின் திருகோணமலை ஒல்லாந்தருக்குத் திரும்பிச் சென்றது. 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் மீண்டும் பிடித்தார்கள், 1957வரை விடவில்லை. 1782ஆம் ஆண்டுப் போரின் நினைவாக ஒரு கப்பலுக்கு ‘திரிங்கோமலி’ என்று பெயரிட்டார்கள். பம்பாயில் ஜம்சேத்ஜி பொமஞ்ஜி வாடியா தேக்கில் கட்டி 1817 ஒக்டோபர் 12இல் கடலில் இறக்கிய அந்தப் போர்க்கப்பல், 200 ஆண்டு கடந்து இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. அதற்குள் கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்வது வழக்கமாகிவிட்டது. 1780 அளவில் பிரித்தானியக் கடற்படை பெருமளவில் கைக்கொண்ட இந்த வழக்கத்தால், புழுவும் பாசியும் குறைந்து சாய்ப்பு வேலையும் குறைந்தது. பின்னர் உலர் தளங்கள் பெருகின, இரும்புக் கப்பல் வந்தது. வேலை மறைந்தது, வினைச்சொல் வேலையிழந்து நின்றது.

வேலை மறைந்தாலும் அதன் பெயர் சில கரைகளில் தங்கிவிட்டது. பார்படோஸின் பிரிட்ஜ்டவுனிலும் கிரெனடாவின் செயின்ட் ஜோர்ஜிலும் துறைமுகக் கரைக்கே ‘கரீனேஜ்’ என்றுதான் பெயர். சிட்னியில் ஒரு குடா அந்த வேலையின் பெயரைத் தாங்குகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1820இல் பிலிப் பார்க்கர் கிங் தன் ‘மெர்மெய்ட்’ கப்பலைக் கரையேற்றிச் செப்பனிட்ட குடாவுக்கும் அதே பெயர், கப்பலின் பெயரையும் ஆண்டையும் செதுக்கிய பெருக்கமரமும் அங்கே நிற்கிறது. சீனன்குடா, பின்குடா, மலே கோவ் என்று பெயர்கள் நிறைந்த திருகோணமலையில் இந்த வேலையின் பெயர் எந்தக் குடாவிலும் ஒட்டவில்லை. டொக்யாட் வீதியும் உட்துறைமுக வீதியும் அந்த நினைவைப் பொதுவாகச் சுமக்கின்றன.

இப்போது குழப்பத்துக்குக் காரணமான மற்றச் சொல். ஆங்கிலத்தில் ‘கரியர்’ என்று ஒரு வினை இருக்கிறது. பெயர்ச்சொல்லாக அதை எல்லோருக்கும் தெரியும். பாடசாலைகளில் ‘கரியர் கைடன்ஸ்’ என்று நடப்பது அதுதான், தமிழில் தொழில் வழிகாட்டல். வினையாக அதன் பொருள், தலைதெறிக்க விரைதல். கோல் மக்கள் ஒருவகை வண்டிக்கு வைத்த பெயரை உரோமர் ‘கர்ருஸ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வண்டிப்பாதை என்ற சொல் பிறந்து, பிரெஞ்சில் குதிரையோட்டத் திடலாகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. வீரர்கள் ஈட்டி நீட்டிக்கொண்டு குதிரையை முடுக்கிப் பாய்வது ‘கரியர்’. ஒரு மனிதரின் வாழ்க்கைத் தொழிற்பாதை என்ற பொருள் பின்னால் வளர்ந்தது. கார் என்ற சொல்லும், கப்பலில் ஏற்றும் கார்கோவும், சாப்பாடு கொண்டுபோகும் கேரியரும் எல்லாம் அந்த வண்டியின் பிள்ளைகள். 1942 ஏப்ரலில் திருகோணமலையை விட்டு வெளியேறி 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலின் ‘கேரியர்’ என்ற வகைப்பெயரும் அந்தக் குடும்பம். எங்கள் காதுக்குக் கரியரும் கேரியரும் ஒன்றாகக் கேட்பதில் இவ்வளவு நியாயம் இருக்கிறது, இரண்டும் உறவுச் சொற்கள். கரீனுக்கும் கரியருக்கும் அப்படி எந்த உறவும் இல்லை. ஒன்று கொட்டை ஓட்டிலிருந்து வந்தது, மற்றது வண்டிச் சில்லிலிருந்து.

அப்படியானால் இரண்டும் எங்கே மோதின? ஒலி ஒத்திருப்பது பாதிக் காரணம். மீதிப் பாதி கரீனின் சொந்த வளர்ச்சியிலேயே இருக்கிறது. கப்பலைச் சாய்த்தல் என்ற பொருளிலிருந்து, கப்பல் தானாகச் சாய்தல் என்ற பொருள் பிறந்தது. காற்றை முழுப்பாயில் வாங்கும் கப்பல் சாய்ந்துகொண்டுதான் விரையும். சாய்வும் வேகமும் அங்கேயே ஒன்றாகிவிட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெருக்களில் மோட்டார் வண்டிகள் வந்தன. வளைவில் வேகமாகத் திரும்பும் வண்டி ஒருபக்கம் சாயும், பக்கத்துக்குப் பக்கம் ஆடும். அதைச் சொல்லப் பத்திரிகைக்காரர்களுக்குக் கரீன் கைக்கு அடக்கமாக இருந்தது. சாய்ந்து விரைதல் என்றிருந்ததில் சாய்தல் மெல்ல நழுவ, விரைதல் மட்டும் தங்கியது. கரியர் செய்துவந்த வேலையைக் கரீன் எடுத்துக்கொண்டது. பிரித்தானியரிடம் கரியர் இன்றும் வினையாக உயிரோடு இருக்கிறது. அமெரிக்கரிடம் அது கிட்டத்தட்டப் பெயர்ச்சொல் மட்டுமே.

இந்தக் கூட்டத்தில் மூன்றாவதாக ஒன்றும் அடிக்கடி தலைகாட்டும். ‘கரம்’ என்ற வினை, ஒன்றில் மோதித் தெறித்துப் போதல். பில்லியர்ட்ஸ் விளையாட்டில் சிவப்புப் பந்தின் பிரெஞ்சுப் பெயரான ‘கரம்போல்’ சுருங்கி வந்தது. அது ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் ஒரு பழத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. எங்களூரில் காமரங்கா என்று உப்புத் தொட்டுத் தின்னும் ஐந்து விளிம்புப் புளிப்புப் பழம்தான் அது. போர்த்துக்கேயர் மராத்தியிலிருந்து எடுத்தார்கள், மராத்திக்கு அது வடமொழியின் கர்மரங்கத்திலிருந்து வந்தது. பழத்துக்கும் பந்துக்கும் உள்ள தொடர்பை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. கரம் போர்ட் விளையாடும் பிள்ளைக்கு மட்டும் இந்த வினை குழப்பம் தராது. காய் பக்கப் பலகையில் பட்டுத் திரும்பி வருவதை விரல்நுனியில் அறிந்தவர் அவர். மோதல் இருந்தால் கரம், பாய்ச்சல் மட்டும் இருந்தால் கரியர், சாய்வு இருந்தால் கரீன் என்று பிரித்தறிவது பழைய நெறிக்குப் போதுமானது.

சாய்வைச் சொல்லக் கடலோடிகளின் ஆங்கிலத்தில் வேறு இரண்டு வினைகளும் உண்டு. காற்றோ திருப்பமோ தள்ள, கப்பல் சிறிது நேரம் சாய்ந்து பின் நிமிர்ந்தால் ‘ஹீல்’. உள்ளே தண்ணீர் ஏறியோ பாரம் நகர்ந்தோ சாய்ந்தபடியே நின்றால் ‘லிஸ்ட்’. மனிதர் வேண்டுமென்றே வேலைக்காகச் சாய்த்தால் கரீன். இந்த வேறுபாட்டை அறியாதவர் கடல் விபத்து அறிக்கையைச் சரியாக மொழிபெயர்க்க முடியாது. மூன்றில் எது என்பதில்தான் காரணமும் பொறுப்பும் அடங்கியிருக்கும்.

கரீனின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகும் சாய்வின் ஆபத்து தீரவில்லை என்பதைத் திருகோணமலையே கண்டது. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, ‘வேலியன்ட்’ என்ற 30,000 தொன்னுக்கும் கூடிய பிரித்தானியப் போர்க்கப்பல் இங்கிருந்த மிதக்கும் தளத்துக்குள் ஏற்றப்பட்டது. மிதக்கும் தளம் என்பது உள்ளீடற்ற தொட்டிகளால் ஆனது. தொட்டிகளில் நீரை நிரப்பித் தாழ்த்தி, கப்பலை உள்ளே எடுத்து, நீரை இறைத்துக் கப்பலோடு சேர்த்து உயர்த்துவார்கள். கப்பலின் பாரம் விழும் இடங்களுக்கு ஏற்றபடி ஒவ்வொரு தொட்டியிலும் நீரை அளந்து வைக்க வேண்டும். அன்று அந்த அளவு பிசகியது. தளம் முறிந்து மூழ்கியது. சுழலிகளும் சுக்கானும் சேதப்பட்ட ‘வேலியன்ட்’ அதன்பின் போர்க்களம் காணவில்லை. பழைய நாளில் கப்பிக் கயிற்றை இழுத்தவர்களுக்கும் அன்று பம்புகளை இயக்கியவர்களுக்கும் இருந்த கணக்கு ஒன்றுதான், பாரம் எங்கே நிற்கிறது என்ற கணக்கு.

எது சரி என்ற வழக்குக்கு வருவோம். பிரித்தானிய நடைக் கையேடுகள் பல, விரைதலுக்குக் கரீனை எழுதுவது பிழை என்று நீண்டகாலம் சொல்லிவந்தன. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அகராதிகள் அதை இயல்பான பொருளாகப் பதிந்துவிட்டன. இரண்டாவது கட்சியை மறுக்க எனக்கு நியாயம் தெரியவில்லை. நூறாண்டாக ஒரு பெரும் மக்கள்கூட்டம் எழுதியும் பேசியும் வரும் பொருளைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஏராவிலிருந்து சாய்த்தலுக்கும், சாய்த்தலிலிருந்து சாய்தலுக்கும் நகர்ந்ததை ஏற்றவர்கள் அடுத்த அடியில் மட்டும் காவல் போடுவது பொருந்தாது. அதே நேரம், புதுப்பொருளை அறிந்தவுடன் பழையதை விட்டுவிடலாம் என்பதையும் என்னால் ஏற்க முடியாது. அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பழைய பொருளை அறியாமலே வாழ்ந்துவிடலாம். திருகோணமலை மாணவருக்கு அந்த வசதி இல்லை. தன் ஊரைப் பற்றி இருநூறு, முந்நூறு ஆண்டுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை எல்லாம் பழைய பொருளில் எழுதப்பட்டவை. அந்த ஒரு வினையைப் பிழையாக வாசித்தால், சுஃப்ரன் ஏன் இவ்வூரைத் தேடி வந்தார் என்பதே கைதவறிப் போகும்.

எங்கள் ஆங்கில ஆசிரியர்களுக்கு இதனால் கூடுதல் பாரம் விழுகிறது. பாடநூல் ஆங்கிலம் பிரித்தானிய வழி, பிள்ளைகள் பார்க்கும் படமும் செய்தியும் அமெரிக்க வழி. வசனத்தின் அமைப்பைப் பார்க்கப் பழக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வினைக்குப் பின்னால் கப்பல் செயப்படுபொருளாக நின்றால் அது துறைமுக வேலை. வீதி வழியே, மலையிறக்கத்தில், மதிலை நோக்கி என்று திசை காட்டும் சொற்கள் தொடர்ந்தால் அது அமெரிக்கப் பாய்ச்சல். கப்பலே எழுவாயாக நின்று காற்றும் அலையும் பக்கத்தில் வந்தால் சாய்தல். ஆண்டையும் பார்க்க வேண்டும். 1900க்கு முந்திய எழுத்தில் விரைதற்பொருளைத் தேடுவது வீண்வேலை.

தமிழாக்கத்தில் இதற்கு ஒரே சொல்லைப் பூட்டிவைக்கும் முயற்சியை நான் ஆதரிக்கவில்லை. துறைமுகப் பொருளுக்குச் ‘சாய்த்துச் செப்பனிடுதல்’ என்பது எவருக்கும் விளங்கும். கரையேற்றிச் செய்ததென்று தெரிந்தால் ‘கரையேற்றிச் சாய்த்து’ என்று ஒரு சொல் கூட்டலாம். பழுதுபார்த்தல் என்று மட்டும் எழுதினால் பாய்மரம் மாற்றியதும் அதற்குள் அடங்கிவிடும், அடிப்பக்க வேலை என்பது மறையும். தஞ்சம் புகுந்தது என்று எழுதினால் முழுதும் பிழை. தானாகச் சாய்வதற்குச் ‘சரிதல்’ போதும். கவிழ்தல் கூடாது, கவிழ்ந்த கப்பல் திரும்பி வராது. அமெரிக்கப் பொருளுக்குத் ‘தறிகெட்டுப் பாய்தல்’ பொருந்தும், சாய்வும் ஆட்டமும் சேர்ந்திருந்தால் ‘தள்ளாடிப் பாய்தல்’. கரீனேஜ் என்பதற்குச் ‘சாய்ப்புத்துறை’ என்று புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். தோணித்துறை, முத்துத்துறை என்ற வரிசையில் அது இயல்பாகவே உட்காருகிறது.